தீபாவளி பலகாரம் மீந்து போச்சா? கேளுங்க சொல்றேன்

வணக்கம் மக்களே. தீபாவளி முடிஞ்சு நாலு நாள் ஆச்சு, எல்லார் வீட்லயும் ஃப்ரிட்ஜ் தொறந்தா டப்பா மேல டப்பா விழும்னு தெரியும். நான் சேலத்துக்காரி, எங்கம்மா காலத்துலருந்து பலகார ஆர்டர் எடுக்கிற வீடு, மீந்ததை என்ன பண்றதுன்னு ஒவ்வொரு வருஷமும் மண்டைய ஒடச்சுக்கிட்டவங்க நாங்க. தெரிஞ்சதை சொல்றேன். ஒண்ணே ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், கையில இருக்கிறத லட்டு, மைசூர்பாக்குன்னு பேர் வச்சு பாக்காதீங்க. அது எதால ஆனதுன்னு பாருங்க. மைசூர்பாக்குன்னா கடலைமாவு, நெய், சர்க்கரை. அப்படி பாத்தீங்கன்னா அடுத்து என்ன பண்ணலாம்னு தானா தோணும்.

ஓசூர் மருமக: அக்கா, மாமியார் மூணு கிலோ முறுக்கு சுட்டு குடுத்து விட்டாங்க. எல்லாம் நமத்துப் போச்சு. தூக்கிப் போட மனசு வரல, அவங்க வேற அடுத்த வாரம் வர்றாங்க.

ஐயோ கண்ணு, மொதல்ல ஒண்ண எடுத்து மோந்து பாரு. நமத்தது வேற, சிக்கு வாடை வேற. நமத்ததுன்னா ஈரக்காத்து உள்ள போயிருக்கு, அவ்ளோதான், அத திரும்பக் கொண்டு வந்துடலாம். பழைய எண்ணெய் மாதிரி நாத்தம் வந்து நாக்குல ஒரு காறல் நின்னுச்சுன்னா எண்ணெயே கெட்டுப் போச்சுன்னு அர்த்தம், அதுக்கு வைத்தியம் கெடையாது. வெறும் நமத்ததுதான்னா ஓவன் இருந்தா 130 டிகிரில பத்து நிமிஷம், ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம பரப்பி வை. ஓவன் இல்லன்னா அடி கனமான கடாய சூடு பண்ணி அடுப்ப சிம்ல வச்சு, கொஞ்சம் கொஞ்சமா போட்டுப் பெரட்டு. வெளிய எடுத்ததும் மெத்துன்னுதான் இருக்கும், பயப்படாத, ஆற ஆறத்தான் மொறுமொறுப்பு வரும். நல்லா ஆறாம டப்பாவுல போட்டு மூடுனா அந்த ஆவியே மறுபடி நமக்க வச்சிடும். அப்புறம் இன்னொண்ணு, முறுக்கையும் ஜாங்கிரியையும் ஒரே டப்பாவுல போட்டு வச்சியா? ஜாங்கிரியோட ஈரத்த முறுக்கு இழுத்துக்கும், நெறைய வீட்ல நடக்குறது இதான்.

மூணாவது மாடி: முறுக்கு, தட்டுவடை, ரிப்பன் எல்லாம் ஒடஞ்சு தூளா டப்பா அடியில கெடக்கு. அத என்ன பண்றது?

ஆஹா, இந்தக் கேள்விக்குத்தான் காத்துட்டிருந்தேன். எங்க ஊர்ல சாயங்காலம் ஆனா தள்ளுவண்டியில தட்டுவடை செட் போடுவாங்க, ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல துருவுன பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி வச்சுத் தருவாங்க. அதே வண்டியில நொறுக்கல்னு கேட்டா தட்டுவடையையோ முறுக்கையோ கையாலயே நொறுக்கி அதே காயும் சட்னியும் போட்டு பெரட்டிக் குடுப்பாங்க. நீங்க என்ன, நொறுக்குற வேலைய டப்பாவே பண்ணி வச்சிருக்கு!

சட்னி ரெண்டு வேணும். ஒண்ணு காரச் சட்னி, ஆறு காஞ்ச மொளகாய சுடுதண்ணில ஊறவச்சு, பத்து பல் பூண்டு, ஒரு தக்காளி, உப்பு போட்டு அரைச்சு, ஒரு ஸ்பூன் எண்ணெய்ல பச்ச வாசன போற வரைக்கும் வதக்கிக்கங்க. இன்னொண்ணு பச்சைச் சட்னி, மல்லித்தழை, புதினா, பச்சமொளகா, கொஞ்சம் பொட்டுக்கடலை, எலுமிச்சம்பழம். அகலமான கிண்ணத்துல ஒடஞ்சதுல ரெண்டு கைப்பிடி போடுங்க, ரொம்ப மாவா இருக்கிறத போடாதீங்க, கூழாயிடும், அத தனியா சலிச்சு எடுத்து வைங்க. காய், வெங்காயம், ரெண்டு சட்னியும் ஒவ்வொரு ஸ்பூன் போட்டு, கரண்டி வேண்டாம், கையால ரெண்டே பெரட்டு. உடனே தின்னுடணும், ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தீங்கன்னா ஊறிப் போயிடும். சலிச்ச மாவு இருக்குல்ல, கட்லெட்டுக்கு பிரெட் தூள் பதிலா அதுல பெரட்டுங்க. அதுல ஏற்கனவே உப்பு இருக்கு, உள்ள இருக்கிற உருளைக்கெழங்குல உப்ப கொறைங்க, நான் ஒரு தடவ கொறைக்காம விட்டு வீடே தண்ணி குடிச்சுது.

சரவெடி: மைசூர்பாக் கல்லு மாதிரி ஆயிடுச்சு. வீட்ல எல்லாரும் கலாய்க்கிறாங்க. சுத்தியல் கேக்குறான் என் தம்பி.

சிரிக்கட்டும் விடுங்க, பாகு ஒரு நிமிஷம் கூடப் போனா அப்படித்தான் ஆகும், எனக்கும் ஆயிருக்கு. மிக்ஸில போடுறதுக்கு முன்னாடி துணியில சுத்தி இடிச்சுக்கங்க, நேரா போட்டா பிளேடு போயிடும். அஞ்சு துண்டு தூள்ன்னா அரை லிட்டர் பால். தூள மொதல்ல வெதுவெதுப்பான கொஞ்சம் பால்ல கரைச்சுட்டு அப்புறம் கொதிக்கிற பால்ல ஊத்துங்க, நேரா கொட்டுனா கட்டி தட்டிடும். பத்து நிமிஷம் சிம்ல வச்சா கெட்டியா பாயசம் மாதிரி வரும், கடலைமாவு ஏற்கனவே வெந்தது, நெய் உள்ளயே இருக்கு, ஏலக்காய் மட்டும் தட்டிப் போட்டா போதும்.

எனக்குப் புடிச்சது இன்னொண்ணு, போளி. அந்தத் தூளோட ஒரு கைப்பிடி தேங்காத்துருவல வறுத்துச் சேத்து, ஒரு ஸ்பூன் பால் தெளிச்சு உருண்ட புடிச்சா அதான் பூரணம். மைதா மாவுல வச்சுத் தட்டி கல்லுல போடுங்க. உள்ள இருக்கிற நெய் உருகி வெளிய வந்து அதுவே போளிய வேக வைக்கும், கல்லுக்குன்னு தனியா நெய் ஊத்தத் தேவையில்ல. லட்டுலயும் இதே மாதிரி பண்ணலாம்.

ஜாமூன் பிரியன்: ஜாமூன் காலி, ஜீரா மட்டும் அரை லிட்டர் நிக்குது. கீழ ஊத்திடவா?

ஊத்தாத தம்பி, காசு போட்டு வாங்குன சர்க்கரை அது. வடிகட்டி (அடியில ஜாமூன் துணுக்கு கெடக்கும், அதுதான் மொதல்ல புளிக்கும்) ஒரு கொதி விட்டு பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வை. கேசரிக்கு ஒரு கப் ரவைன்னா ஒன்றரை கப் தண்ணி, ஒன்றரை கப் ஜீரா, வேற சர்க்கரை வேணாம். ரவை தண்ணில வெந்த பிறகுதான் ஜீரா ஊத்தணும், மொதல்லயே ஊத்துனா ரவை வேகாம நறுக்கு நறுக்குன்னு நிக்கும். இல்லன்னா ரெண்டு கப் மைதா, ரெண்டு ஸ்பூன் உருக்குன நெய், ஒரு சிட்டிகை உப்பு, ஜீராவ கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி சப்பாத்தி மாவு மாதிரி பெசஞ்சு டைமண்ட் டைமண்டா வெட்டிப் பொரிச்சா இனிப்பு பிஸ்கட். சீக்கிரம் செவந்துடும், அடுப்ப கம்மியா வை.

பேரு வேணாம்: சொந்தக்காரங்க குடுத்த ஸ்வீட் பாக்ஸ் ஏழு இருக்கு. பிரிக்காம அடுத்தவங்களுக்கு மாத்தி விட்டா தப்பா?

தப்பில்ல, யாரு குடுத்ததுன்னு பென்சில்ல அடியில எழுதி வச்சுக்கங்க, குடுத்தவங்களுக்கே போயிடக் கூடாது! ஆனா பால் ஸ்வீட்ட மாத்தி விடாதீங்க. 2020 அக்டோபர் 1லருந்து கடையில பாக்கெட் போடாம விக்கிற ஸ்வீட்டுக்கும் எந்தத் தேதி வரைக்கும் சாப்பிடலாம்னு எழுதி வைக்கணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், சொல்லியிருக்கு. ஆனா அந்தத் தேதி கடை தட்டுல இருக்கும், உங்க கைக்கு வர்ற டப்பாவுல இருக்காது. ரசகுல்லா, ரசமலாய் எல்லாம் ரெண்டு நாளுக்கு மேல நான் நம்ப மாட்டேன். பால்கோவா, பேடா, பர்ஃபி மாதிரி கோவா அயிட்டம் மூணு நாலு நாள், அதுவும் ஃப்ரிட்ஜ்ல இருந்திருந்தா. நெய்யும் பருப்பும் போட்ட லட்டு, மைசூர்பாக், சோன்பப்டி இதெல்லாம்தான் தாங்கும். தரம் பிரிச்சு, தாங்காதத மொதல்ல தின்னுங்க.

ராத்திரி டூட்டி: எங்க வீட்ல தீபாவளி காலைல இட்லி, மட்டன் குழம்பு. குழம்பு இன்னும் பாதி குண்டான் கெடக்கு. தெனமும் சூடு பண்ணிச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு எங்கப்பா சொல்றாரு.

அப்பா சொல்றதுல பாதி சரி. ஆனா மொத்தக் குண்டானையும் ரெண்டு வேளையும் சூடு பண்ணி மறுபடி ஆறவச்சு வெளியவே விடுறதுதான் கெடுக்கும். வேணுங்கிற அளவ மட்டும் எடுத்து நல்லா தளதளன்னு கொதிக்க விடுங்க, மிச்சத்த சின்னச் சின்ன டப்பாவுல ஃப்ரிட்ஜ்ல. செஞ்ச அன்னிக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிருந்தா மூணு நாலு நாள் தாங்கும். நாலு நாள் ஆயிடுச்சேன்னா, தம்பி, இன்னிக்கு ராத்திரி அதுக்குக் கடைசி. அதுவும் மொத நாள்லருந்தே ஃப்ரிட்ஜ்ல இருந்ததா மட்டும்தான். வெளியவே இருந்துச்சுன்னா வாசன நல்லா இருந்தாலும் வேணாம்.

சோறும் அப்படித்தான், பாசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா, அதோட வித்து சோறு வெந்தாலும் சாகாது, வெளியவே கெடந்தா அதுலருந்து வர்ற நஞ்சு மறுபடி சூடு பண்ணாலும் போகாது. அதனால சூடு பண்ணிட்டோம்ல, சரியாயிடும்ங்கிறது எல்லாத்துக்கும் ஒத்து வராது.

சரி, செய்முறைக்கு வரேன். குழம்ப அகலக் கடாயில ஊத்தி சுண்ட விடுங்க, எண்ணெய் பிரிஞ்சு கறி மேல ஒட்டுற பதம் வந்ததும் ஒரு ஸ்பூன் மொளகுத்தூள், கறிவேப்பில. இட்லி மிச்சம் இருந்தா உதுத்து அதுலயே போட்டு தோசத்திருப்பியால கொத்துனா கொத்து பரோட்டாவுக்கு அக்கா மக. முட்ட ஒண்ணு ஒடச்சு ஊத்துனா இன்னும் நல்லாருக்கும்.

பாளையங்கோட்டைக்காரன்: என்னக்கா, சுண்ட வைக்கறதுன்னு மட்டன சொல்லுதீக. எங்க ஊர்ல சுண்டக்கறின்னா பொங்கலுக்கு மறுநாள் சாம்பார், அவியல், கூட்டு, கெழங்கு எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டு சுண்ட வைக்கிறதுலா. அத விட்டுட்டீங்களே!

விட்டுட்டேன் தம்பி, ஒத்துக்குறேன். நான் ஒரே தடவதான் சாப்பிட்டிருக்கேன், உங்க பக்கத்துக்கு கல்யாணத்துக்கு வந்தப்ப மறுநாள் காலைல பழைய சோத்தோட வச்சாங்க. பாக்க ஒரு மாதிரி கறுப்பா குழகுழன்னு இருந்துச்சு, வாயில வச்ச அப்புறம் நான் பேசவே இல்ல. புளியும் தேங்காயும் ஒண்ணா சேந்து அடிபிடிக்கப் போற நேரத்துல எறக்குவீங்க இல்ல? அந்த அடிச்சுரண்டல் எனக்கு வேணும்னு கேட்டு வாங்கித் தின்னேன். தீபாவளி மதியச் சாப்பாடு சைவமா பண்றவங்க இதையே பண்ணலாம், ஒண்ணுதான், தயிர் ஊத்துன எதையும், அவியல்ல ஊத்தியிருந்தா அதையும், அதுல சேக்காதீங்க, திரிஞ்சு போயிடும்.

வடை மாஸ்டர் இல்ல: பருப்பு வடை பதினஞ்சு மீந்துடுச்சு, ஃப்ரிட்ஜ்ல கல்லா கெடக்கு.

வடகறி! சைதாப்பேட்டை வடகறின்னு பேர் கேட்டிருப்பீங்கல்ல. பட்ட, கிராம்பு, சோம்பு தாளிச்சு, வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்கி, மொளகாத்தூள், மல்லித்தூள் போட்டு, நீங்க நெனக்கிறத விட ரெண்டு கிளாஸ் தண்ணி ஜாஸ்தி ஊத்துங்க. பயமா இருக்கும், ரசம் மாதிரி இருக்கேன்னு. வடைய பாதி உதுத்தும் பாதி பிச்சும் போட்டதும் அத்தன தண்ணியையும் குடிச்சிடும். கடைசியா தேங்கா, கசகசா அரைச்சு ஊத்தி ரெண்டு கொதி. உளுந்த வடைக்கு இது செட் ஆகாது, அதுக்கு சுடுதண்ணில முக்கி எடுத்து தயிர் வடைதான். மேல அந்த ஓமப்பொடி மீந்தது இருக்குமே, அத தூவுங்க.

சிக்கனம் சிவகாமி: பலகாரம் சுட்ட எண்ணெய் ஒரு லிட்டர் இருக்கு, கருத்துப் போகல. மறுபடி பொரிக்கலாமா?

பொரிக்க வேணாம்மா. ஆறுனதும் துணியில வடிகட்டி, மூணு நாலு நாளுக்குள்ள தாளிக்க, வதக்க, தோசைக்கு ஊத்தன்னு தீத்துடுங்க. சூடு பண்றப்ப நொர பொங்குனாலோ சீக்கிரமே பொகஞ்சாலோ பிசுபிசுன்னு இருந்தாலோ அதோட கதை முடிஞ்சுது. திரும்பத் திரும்பக் காய வைக்கிறப்ப எண்ணெய் ஒடஞ்சு அதுல போலார் காம்பவுண்ட்னு கெட்டுப்போன பொருளுங்க சேரும். அது 25 சதவீதத்துக்கு மேல போனா அந்த எண்ணெய சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018 ஜூலைலருந்து சட்டமே இருக்கு. அந்த வருஷம் ஆகஸ்ட்ல கழிவு எண்ணெய வாங்கி பயோடீசல் பண்ற ரூகோ திட்டமும் வந்துச்சு, ஆனா அது பெரும்பாலும் ஓட்டல், பலகாரக் கடைங்களுக்குத்தான் ஒத்து வருது. வீட்ல கேட் கீலுக்கு ரெண்டு சொட்டு விடலாம், மிச்சத்த பழைய பேப்பர்லயோ மரத்தூள்லயோ ஊறவச்சு குப்பையில போடுங்க. தயவு செஞ்சு சிங்க்ல ஊத்தாதீங்க. நான் ஒரு வருஷம் ஊத்தி, கார்த்திகை தீபத்தன்னிக்கு சமையக்கட்டு முழுக்க தண்ணி நின்னு, பைப்ப கழட்டுனா உள்ள மெழுகு மாதிரி அடச்சிக்கிட்டிருந்துச்சு.

துபாய்ல இருந்து: ஊர்லருந்து வந்த அதிரசத்துல லேசா வெள்ளையா பூத்திருக்கு. தொடச்சுட்டு சாப்பிடலாமா அக்கா? அம்மா கையால சுட்டது.

வேணாம் கண்ணு. மேல தெரியுறது கொஞ்சம்தான், அதிரசம் மெதுவா இருக்கிறதால பூஞ்சை உள்ள எறங்கியிருக்கும். கஷ்டமாத்தான் இருக்கும், போட்டுடு. கூட இருந்ததுல பூக்காததா இருந்தாலும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா அதையும் எடுத்துடு. அடுத்த தடவ அம்மாகிட்ட சுட்ட அதிரசம் வேணாம், மாவா குடுத்து விடச் சொல்லு. அதிரச மாவு ஃப்ரிட்ஜ்ல ரொம்ப நாள் தாங்கும், வேணுங்கிறப்ப ரெண்டு மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வச்சு, ரொம்ப எறுகியிருந்தா ஒரு ஸ்பூன் பால் விட்டுப் பெசஞ்சு தட்டிச் சுட்டா அங்கயே சூடாக் கெடைக்கும். கல்லு மாதிரி ஆன அதிரசமா இருந்தா மட்டும் இட்லிப் பான ஆவியில மூணு நிமிஷம் வை, பழைய பதத்துக்கு வரும்.

சுகர் பேஷண்ட் பொண்டாட்டி: இவர் ராத்திரி யாருக்கும் தெரியாம லட்டு எடுத்துத் தின்றார். லட்ட என்ன பண்ணா தப்பிக்கலாம்?

ஃப்ரீசர்ல வைங்க. லட்டு நல்லாவே ஒறையும், வேணுங்கிறப்ப எடுத்தா டேஸ்ட் மாறாது, நடுராத்திரில கடிக்கவும் முடியாது. இன்னும் நல்லது, நாளைக்கே கூட்டித் தொடைக்க வர்றவங்க, வாட்ச்மேன், பக்கத்து வீட்டுப் பசங்கன்னு குடுத்துடுங்க. நல்லா இருக்கிறப்பவே குடுங்க, நமக்கு வேணாம்னு ஆன பிறகு குடுக்காதீங்க.

ஹாஸ்டல் பையன்: லேகியம் ஒரு டப்பா முழுசா இருக்கு, யாரும் தொடல.

இஞ்சி, மொளகு, திப்பிலி, வெல்லம், நெய்தானே? ஃப்ரிட்ஜ்ல வை. மழ பேயுற ராத்திரி அரை ஸ்பூன் எடுத்து சுடுதண்ணில கரைச்சுக் குடி, சுக்குக் காபிக்கு வெல்லம் போடுற நேரத்துல இதையும் ஒரு ஸ்பூன் போடு. மிக்ஸர் மிச்சம் இருக்கான்னு நீ கேக்கலையே, ஹாஸ்டல்ல அது எப்படி மிஞ்சும்!

சரி மக்களே, அடுப்புல வடகறி வச்சிருக்கேன், தண்ணி குடிச்சிருக்கும் இந்நேரம். மிச்ச கேள்விக்கு சாயங்காலம் வரேன்.