கேள்வி – பதில்: விதியை அறிதலும் விதிக்குப் பணிதலும்

கேள்வி: "சுதந்திரம் என்பது அவசியத்தை அறிந்துகொள்வதே" என்று ஒரு மார்க்சிய வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். தவிர்க்க முடியாதது என்று தெரிந்துகொண்டு அடங்கிப்போவதற்குச் சுதந்திரம் என்று பெயரா? "எல்லாம் விதி" என்று எங்கள் பாட்டி சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் பாட்டியின் சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் 'விதி' என்ற ஒரே சொல்லுக்கு நாம் இரண்டு வேலைகளைக் கொடுத்திருக்கிறோம். தலையில் எழுதப்பட்டதாக நம்பப்படுவதும் விதி. நியூட்டன் கண்டறிந்ததும் விதி. மார்க்சிய நூல்களின் தமிழாக்கங்களில் 'சமூக வளர்ச்சி விதிகள்' என்று படிக்கும்போது முதற்பொருளும் நம்மை அறியாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. 'அவசியம்' என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. அன்றாடப் பேச்சில் அதற்குத் தேவை என்று பொருள். தத்துவத்திலோ, இன்ன காரணம் இருந்தால் இன்ன விளைவு நிகழ்ந்தே தீரும் என்ற கட்டாயத்தை அது குறிக்கிறது.

நீங்கள் கேட்ட வாக்கியம் மார்க்சின் நெருங்கிய தோழர் எங்கெல்சின் 'டூரிங்குக்கு மறுப்பு' நூலில் வருகிறது. பெர்லின் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த டூரிங், மனிதனை ஒரு பக்கம் அறிவும் மறுபக்கம் உணர்ச்சியும் இழுக்க, இரண்டுக்கும் நடுவே அவன் நகரும் திசையே சுதந்திரம் என்று எழுதியிருந்தார். அதை மறுக்கும்போதுதான் எங்கெல்ஸ் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெகலைத் துணைக்கு அழைக்கிறார். அவசியம் புரிந்துகொள்ளப்படாத வரையில்தான் குருடாக இருக்கிறது என்பது ஹெகலின் கருத்து. ஆனால் எங்கெல்ஸ் அந்த இடத்தில் நின்றுவிடவில்லை என்பதை வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இயற்கையின் விதிகளிலிருந்து விடுபட்டுவிட்டதாகக் கனவு காண்பதில் சுதந்திரம் இல்லை. அவ்விதிகளை அறிவதிலும், அந்த அறிவைக் கொண்டு அவற்றை நாம் விரும்பும் நோக்கங்களுக்காகத் திட்டமிட்டு இயங்கச் செய்வதிலுமே அது இருக்கிறது என்று அவர் தொடர்கிறார். இரண்டாம் பாதியை வெட்டிவிட்டால் எஞ்சுவது, நீங்கள் அஞ்சுவதைப் போல, சரணாகதிதான்.

அதே நூலின் பிற்பகுதியில் அவர் தரும் உவமை இதை நன்கு விளக்குகிறது. புயலில் விழும் மின்னலிலும் தந்திக் கம்பியில் ஓடும் மின்சாரத்திலும் செயல்படுவது ஒரே ஆற்றல்தான். ஒன்றின்முன் மனிதன் நடுங்கினான். மற்றொன்றைக் கொண்டு செய்தி அனுப்பினான். இடைப்பட்ட காலத்தில் மின்சாரத்தின் விதிகளில் எதுவும் மாறவில்லை, மனிதன்தான் அவற்றைக் கற்றுக்கொண்டான். முதலாளியச் சமூகத்தில் வேலையின்மையும் பொருளாதார நெருக்கடியும் மின்னலைப்போல வந்து விழுகின்றன என்றும், அவற்றின் காரணங்களை அறிந்து உற்பத்தியைச் சமூகத்தின் பொறுப்பில் கொண்டுவந்தால் அவையும் அடங்கும் என்றும் எங்கெல்ஸ் வாதிட்டார்.

உங்கள் பாட்டியின் விதி அறிய முடியாதது, அறிந்தாலும் மாற்றிக்கொள்ள வழியில்லாதது. எங்கெல்ஸ் பேசும் விதி, அறிவதற்காகவே காத்திருக்கும் ஒன்று. ஆனாலும் பாட்டியை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். தன் விருப்பப்படியே எல்லாம் செய்கிறேன் என்று நினைப்பவனைவிட, தன்னைக் கட்டுப்படுத்தும் ஒன்று இருக்கிறது என்று உணர்ந்தவர் ஒரு படி முன்னால்தான் நிற்கிறார். எறியப்பட்ட கல்லுக்குச் சிந்தனை இருந்தால், தான் விரும்பித்தான் பறக்கிறோம் என்று அது எண்ணிக்கொள்ளும் என்று தத்துவ அறிஞர் ஸ்பினோசா 1674-இல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

கேள்வி: மார்க்சின் முனைவர் பட்ட ஆய்வே இந்தச் சிக்கலைப் பற்றியதுதான் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பெருமளவு உண்மை. 1841-இல் யேனா பல்கலைக்கழகம் ஏற்ற அந்த ஆய்வு, பண்டைய கிரேக்கச் சிந்தனையாளர்களான டெமாக்ரிட்டஸ், எபிக்யூரஸ் ஆகிய இருவரின் இயற்கைத் தத்துவங்களை ஒப்பிடுகிறது. எல்லாம் கட்டாயத்தினால் நிகழ்கிறது என்றவர் முன்னவர். அணுக்கள் தம் நேர்வழியிலிருந்து சற்றே விலகக்கூடும் என்று சொல்லிச் சுதந்திரத்துக்கு இடம் விட்டவர் பின்னவர். இளம் மார்க்சின் மனம் எபிக்யூரசின் பக்கமே சாய்ந்தது.

கேள்வி: சோசலிசம் வந்தே தீரும் என்றால் அதற்குக் கட்சி எதற்கு, போராட்டம் எதற்கு? பொழுது விடிவதற்கு யாரும் சங்கம் அமைப்பதில்லையே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: பொழுது விடிவதற்குப் பதிலாகச் சந்திர கிரகணத்தை வைத்து இதே கேள்வியை ஜெர்மானிய அறிஞர் ஷ்டாம்லர் கேட்டார். வரலாற்றில் தனிமனிதரின் பங்கைப் பற்றி 1898-இல் எழுதிய கட்டுரையில் ரஷ்ய மார்க்சியர் பிளெகானவ் இதற்கு விடை சொன்னார். கிரகணம் நிகழ்வதற்குத் தேவையான காரணங்களின் பட்டியலில் மனிதச் செயல் இடம்பெறுவதில்லை. ஆகையால் அதற்காகக் கட்சி தொடங்குபவர்களைப் பைத்தியக்கார விடுதியில்தான் காண முடியும். சமூக மாற்றத்துக்கான காரணங்களின் சங்கிலியில் மனிதரின் செயலும் ஒரு கண்ணி. அது அறுந்தால் விளைவும் இல்லை.

தர்க்கமாக இது சரியான விடைதான். ஆனால் 'வந்தே தீரும்' என்ற உறுதி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மனிதர் செயல்படாமலும் போகலாம் என்றால் விளைவு உறுதியானதன்று. கட்டாயம் செயல்படுவார்கள் என்றால் உங்கள் ஐயம் மீண்டும் எழுகிறது. மனிதர்கள் தம் வரலாற்றைத் தாமே படைக்கிறார்கள், ஆனால் தாம் தேர்ந்தெடுத்த சூழ்நிலையில் படைப்பதில்லை என்று மார்க்ஸ் 1852-இல் எழுதியதில் இத்தகைய உறுதிமொழி எதுவும் இல்லை. அதனாலேயே அந்த வாக்கியத்தை நான் கூடுதலாக நம்புகிறேன்.

கேள்வி: கம்யூனிசச் சமூகத்தில் அவசியம் என்பதே இல்லாமல் போய்விடுமா? அங்கே வேலை செய்ய வேண்டிய கட்டாயம் இருக்காதா?
– தொழிற்சங்க ஊழியர், ஆவடி

பதில்: இங்கேதான் மார்க்சின் குரலையும் எங்கெல்சின் குரலையும் அருகருகே வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகும்போது மனிதகுலம் அவசியத்தின் ஆட்சியிலிருந்து சுதந்திரத்தின் ஆட்சிக்குப் பாய்ந்துவிடும் என்று எங்கெல்ஸ் எழுதினார். 'மூலதனம்' மூன்றாம் தொகுதியின் 48-ஆம் அத்தியாயத்தில் மார்க்ஸ் சொல்வது இதைவிட அடக்கமானது. காட்டில் வாழ்ந்த மனிதன் தன் தேவைகளுக்காக இயற்கையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நாகரிக மனிதனும் மல்லுக்கட்ட வேண்டும். எந்தச் சமூக அமைப்பிலும் இது தீராது என்கிறார் அவர். உழைப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து, மிகக் குறைந்த ஆற்றலைச் செலவிட்டு, மனித இயல்புக்குத் தகுந்த நிலைமைகளில் உற்பத்தியைத் தம் கட்டுப்பாட்டில் நடத்துவதுதான் இந்த எல்லைக்குள் கிடைக்கக்கூடிய சுதந்திரம். அப்போதும் அது அவசியத்தின் ஆட்சியாகவே இருக்கும். மனித ஆற்றல் தனக்காகவே மலரும் உண்மையான சுதந்திரத்தின் ஆட்சி அதற்கு அப்பால், ஆனால் அதையே அடித்தளமாகக் கொண்டு தொடங்குகிறது. இவ்வளவு உயரத்துக்குப் போன பிறகு, வேலைநாளைக் குறைப்பதே இதற்கு அடிப்படை நிபந்தனை என்று ஒரே வரியில் முடிக்கிறார். தத்துவத்தின் மிகப் பழைய சிக்கல்களில் ஒன்று கடைசியில் கடிகாரத்தில் வந்து நிற்பதை நான் அந்தப் பக்கத்தில்தான் கண்டேன்.

இதை எழுதிய 1860-களில் அவருக்குமுன் ஓர் உண்மையான எடுத்துக்காட்டு இருந்தது. பிரிட்டனில் 1847-இல் வந்த பத்து மணி நேரச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் வேலை செய்யும் நேரத்துக்கு வரம்பு விதித்தது. அதை ஒரு கொள்கையின் வெற்றி என்று 1864-இல் பல நாட்டுத் தொழிலாளர்களின் அமைப்பான அகிலத்தின் தொடக்க உரையில் மார்க்ஸ் குறிப்பிட்டார். சந்தையின் விதி என்று சொல்லப்பட்ட ஒன்று, தொழிலாளரின் நீண்ட போராட்டத்துக்குப்பின் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது என்பதே அதன் பொருள். சிங்காரவேலர் 1923-இல் சென்னையில் மே தினத்தைக் கொண்டாடியபோது அந்த நாளுக்குப் பின்னணியாக இருந்த எட்டு மணி நேரக் கோரிக்கையும் இதே வழியில் வந்ததுதான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதை வைத்துக்கொண்டு எங்கெல்ஸ் மார்க்சைத் திரித்துவிட்டார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 'டூரிங்குக்கு மறுப்பு' வெளிவந்தபோது மார்க்ஸ் உயிரோடு இருந்தார். அதில் ஓர் அத்தியாயத்தை அவரே எழுதிக்கொடுத்தார். மூன்றாம் தொகுதியின் கையெழுத்துப் படிகளோடு பல ஆண்டுகள் போராடி அதை 1894-இல் அச்சேற்றியவரும் எங்கெல்ஸ்தான். ஆனால் அதுவரை வாசகர்களுக்குக் கிடைத்தது பாய்ச்சலைப் பற்றிய வாக்கியம் மட்டுமே என்பதால், கட்சிகளின் நாவில் அதுவே நிலைத்துவிட்டது.

கேள்வி: இவ்வளவு உயர்ந்த கருத்து சோவியத் ஒன்றியத்தில் எப்படி அடக்குமுறைக்குத் துணைபோயிற்று?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அவசியத்தை அறிவதுதான் சுதந்திரம் என்றால், அறிய வேண்டியவர் யார் என்ற கேள்வியைச் சூத்திரம் திறந்தே விட்டிருக்கிறது. நான் அறிந்து நான் செயல்பட்டால் அது என் சுதந்திரம். எனக்காக வேறொருவர் அறிந்து, அதன்படி நான் நடக்க வேண்டும் என்றால் அதற்குக் கீழ்ப்படிதல் என்றுதான் பெயர். அறியும் உரிமையைக் கட்சியும், கட்சிக்குள் தலைமையும் எடுத்துக்கொண்டபோது, மறுத்துப் பேசியவர் வரலாற்றின் விதியையே மறுப்பவராகக் கருதப்பட்டார். பிரிட்டிஷ் சிந்தனையாளர் ஐசையா பெர்லின் 1958-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டினார் என்பது பலருக்குத் தெரியும். அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்குமுன், ரஷ்யப் புரட்சியை முழுமனதோடு வரவேற்ற ஜெர்மனியின் சோசலிசத் தலைவர் ரோசா லுக்சம்பர்க், சிறையில் இருந்தபடியே இதை எழுதிவிட்டார். ஆட்சியை ஆதரிப்போருக்கு மட்டும் உள்ள சுதந்திரம் சுதந்திரமே ஆகாது, மாற்றாகச் சிந்திப்பவரின் சுதந்திரமே சுதந்திரம் என்ற அவருடைய குறிப்பு, அவர் கொல்லப்பட்டு மூன்று ஆண்டுகள் கழித்து 1922-இல்தான் அச்சாயிற்று.

மார்க்ஸ் கொடுத்த கடிகாரத்தையே கையில் எடுத்துக்கொண்டு பார்த்தாலும் இந்த இறக்கம் தெரியும். புரட்சி நடந்த நான்காம் நாள், 1917 நவம்பர் 11 அன்று, எட்டு மணி நேர வேலைநாள் ஆணை வெளியிடப்பட்டது. பிறகு அது ஏழு மணி நேரமாகவும் குறைக்கப்பட்டது. 1940 ஜூன் 26 அன்று வந்த ஆணை வேலைநாளை மீண்டும் எட்டு மணி நேரமாக்கியது. அனுமதியின்றி வேலையை விட்டுச் செல்வதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தக்க காரணமின்றி வேலைக்கு வராதவருக்கு ஆறு மாதம் வரை சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு வரை பிடித்துக்கொண்டு வேலை வாங்க வழி செய்தது. பாரிஸ் ஹிட்லரின் கையில் விழுந்து இரண்டு வாரங்கூட ஆகியிருக்கவில்லை. எனவே போரின் அவசியம் என்று அதற்குக் காரணம் சொல்ல முடியும், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் போர் 1945-இல் முடிந்தது. அந்தக் குற்றப் பிரிவுகள் 1956 ஏப்ரலில்தான் நீக்கப்பட்டன.