கேள்வி கேளுங்க: பேய்ப் படத்துல சுருதி எங்க போகுது?

கேள்வி: திகில் படத்துல வயலின் எல்லாம் ஒண்ணா சேர்ந்து கத்துதே, அது நோட்ஸ் எழுதி வாசிக்கிறதா, இல்ல அவங்கவங்க இஷ்டத்துக்கு இழுக்கிறதா? எங்கப்பா நாகஸ்வரக்காரர், அந்த சத்தம் வந்தாலே டிவியை ஆஃப் பண்ணிடுறார்.
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: அப்பா பண்றது நியாயம்தான் சார், சுருதி சுத்தமான காதைத்தான் அந்த மியூசிக் முதல்ல பதம் பார்க்கும். கச்சேரி நடுவுல ஸ-வை விடாம பிடிச்சு ஒத்து ஊதுறவர் எழுந்து போயிட்டா எப்படி இருக்கும், அதைத்தான் இவங்க வேணும்னே பண்றாங்க. எது ஸ, எது ப-ன்னு பிடிக்க விடாம அடிக்கிறது, ஏட்டோனல்னு சொல்றது அதைத்தான். இஷ்டத்துக்கு இழுக்கிறது எல்லாம் இல்ல, பெரும்பாலும் எழுதி வச்சதுதான். போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கி 1960ல ஹிரோஷிமாவுல செத்தவங்களுக்குன்னு பேர் வச்ச ஒரு துண்டு எழுதினார், 52 தந்தி வாத்தியம், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி வரி, பக்கத்து பக்கத்து சுரத்தை எல்லாம் ஒரே நேரத்துல பிடிச்சு நிக்கணும், நம்ம கீபோர்டுல இல்லாத கால் சுரம் கூட உண்டு. இதுக்குப் பேர் க்ளஸ்டர். அவரோட வேற சில துண்டுகளைத்தான் டைரக்டர் குப்ரிக் 1980ல ‘தி ஷைனிங்’ படத்துல அப்படியே எடுத்துப் போட்டார், படத்துக்குன்னு எழுதினதே இல்ல, ஆனா கேட்டா யாரும் நம்ப மாட்டாங்க.

கேள்வி: பன்னெண்டு சுரமும் வந்தே ஆகணும்னு ஏதோ ரூல் இருக்காமே? சினிமாவுல அதை யார் வச்சாங்க?
(இசை மாணவி, அரியாங்குப்பம்)

பதில்: இருக்கும்மா. ஷோன்பெர்க்ங்கிற இசையமைப்பாளர் 1920கள்ல கொண்டு வந்தது. பன்னெண்டையும் ஒரு வரிசையில அடுக்கணும், எல்லாம் ஒரு ரவுண்டு வந்து முடியிற வரைக்கும் வந்த சுரம் திரும்ப வரக்கூடாது. அந்த வரிசையை நேரா, பின்னாலிருந்து, தலைகீழா, தலைகீழைப் பின்னாலிருந்துன்னு நாலு விதமா, ஒவ்வொண்ணையும் பன்னெண்டு சுரத்துல எதுல இருந்து வேணா ஆரம்பிச்சு, மொத்தம் 48 உருவம். எந்த சுரத்துக்கும் ராஜ மரியாதை கிடைக்கக்கூடாதுங்கிறதுதான் அதுல விஷயம். அவர்கிட்ட படிச்ச லியனார்ட் ரோஸன்மன் 1955ல ‘தி காப்வெப்’ங்கிற ஹாலிவுட் படத்துக்கு இந்த முறையில எழுதினார், மனநல மருத்துவமனையில நடக்குற கதை அது, வேற எங்க போய் வைக்க முடியும் சொல்லு. 1968ல ஜெர்ரி கோல்ட்ஸ்மித் ‘பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்துக்கு இதையே எடுத்து, கூடவே சமையல்கட்டு ஸ்டீல் கிண்ணத்தை எல்லாம் தட்ட வச்சார். என்னைக் கேட்டா அதுதான் இந்த வகையில பெஸ்ட், ஏன்னா அங்க பயமுறுத்துறது மட்டும் நோக்கம் இல்ல, இது நம்ம ஊர் இல்லங்கிறதை காதுக்குச் சொல்லுது.

கேள்வி: வீட்ல சின்ன கீபோர்டு இருக்கு. வித்தியாசமான ஸ்கேல் ஒண்ணு சொல்லுங்க சார்.
(லாஸ்பேட்டை)

பதில்: சி, டி, இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், மறுபடி சி. எல்லாப் படியும் ஒரே உயரம், ஹோல் டோன் ஸ்கேல். கனவு, மயக்கம், ஃப்ளாஷ்பேக்னா உடனே இதை எடுத்துடுவாங்க, கொஞ்சம் தேஞ்சு போன தந்திரம்தான். நம்மகிட்ட இதுக்கு கோப்ரியான்னு ராகமே இருக்கு, ரிஷபப்ரியாவுல பஞ்சமத்தை எடுத்துட்டா வந்துடும். இப்ப இதுல கிரகபேதம், அதாவது வேற சுரத்தை ஸ-வா மாத்தி வச்சுப் பாருங்க தம்பி, ரி-யை ஸ-வா வச்சாலும் அதே ஸ்கேல், க-வை வச்சாலும் அதே. கல்யாணியில பண்ணா ஒவ்வொரு சுரத்துலயும் வேற முகம் வரும், இதுல எங்க நின்னாலும் ஒரே முகம், அதாவது யார் வேணா ஸ ஆகலாம், அதனாலயே யாரும் ஸ இல்ல. ஸ இதுதான்னு விடாம சொல்ற தம்புராவைப் போட்டுப் பாடினா இது ராகம், தம்புராவை நிறுத்திட்டு ஆர்கெஸ்ட்ராகிட்ட குடுத்தா கால் தரையில படாத மாதிரி ஆயிடும். சுரம் அதேதான், வித்தியாசம் பூரா அந்த தம்புராவுலதான். இன்னொண்ணு ஆக்டடோனிக், சி, சி ஷார்ப், டி ஷார்ப், இ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, ஏ ஷார்ப். அரை, முழு, அரை, முழுன்னு மாறி மாறி எட்டு சுரம், அதனால ஏழே சுரம் உள்ள நம்ம 72 மேளத்துல, அதாவது தாய் ராகத்துல, எங்கயும் உட்காராது. ஹோல் டோனை விட இதுல முறைப்பு ஜாஸ்தி.

கேள்வி: ‘சைக்கோ’ பாத்ரூம் சீன் மியூசிக்கும் பன்னெண்டு சுர வரிசையா?
(கடலூர் முதுநகர்)

பதில்: இல்லைங்க. உரசுற சுரத்தை உச்சியில அடுக்கி வில்லை இழுத்தது, அவ்ளோதான். 1960ல இசையமைப்பாளர் ஹெர்மன் தந்தி வாத்தியம் மட்டும் வச்சு எழுதினார். அந்த சீனுக்கு மியூசிக்கே வேணாம்னுதான் ஹிட்ச்காக் முதல்ல நினைச்சிருந்தார்.

கேள்வி: ஷார்ட் ஃபிலிம் பண்றோம் சார், ஃப்ரெண்டு லேப்டாப்ல க்ளஸ்டர் சாம்பிள் நிறைய வச்சிருக்கான். படம் பூரா போடலாமா?
(முத்தியால்பேட்டை)

பதில்: வேணாம் தம்பி. ரெடிமேடா கிடைக்குதுன்னு இப்ப எல்லாரும் பண்ற வேலை இது, முதல் சீன்லயே ஸ-வைத் தொலைச்சிட்டா அப்புறம் தொலைக்க என்ன இருக்கு? முதல்ல சாதாரணமா ஒரு கீரவாணி ராகம் கீரவாணியாவே ஓடட்டும், காது அங்க செட்டில் ஆகட்டும், அப்புறம் ஸ-வைத் தாங்குற கீழ் சுரம், அந்த பேஸை மட்டும் மெதுவா உருவிப் பாருங்க, உங்க ஃப்ரெண்டோட சாம்பிள்ல பாதி தேவையே படாது.