ஹெபடைடிஸ் சி: பாதி டெஸ்டோடு பயப்பட வேண்டாம்

கேள்வி: ஏழாம் மாதம். ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி பாசிட்டிவ். குழந்தைக்கும் வந்துவிடுமா? சிசேரியன்தான் வழி என்று யூடியூபில் சொல்கிறார்கள். ஆர்.என்.ஏ. டெஸ்ட் வீண்செலவு என்கிறார் கணவர். கீழாநெல்லிச் சாறு குடித்து வருகிறேன். இரவில் உள்ளங்கை வேறு அரிக்கிறது.

பதில்: நீங்கள் கடைசியாக எழுதிய அரிப்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சொறி, தடிப்பு எதுவுமில்லாமல் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் கூடும் அரிப்பு, கல்லீரலில் பித்தம் தேங்குவதால் வரலாம். கல்லீரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைடிஸ் சி உள்ள கர்ப்பிணிகளிடம் இது அதிகம். காலமைன் தடவிக்கொண்டு அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காதீர்கள். நாளைக்கே பைல் ஆசிட் (ரத்தத்தில் பித்த அமில அளவு), எல்.எஃப்.டி. (கல்லீரல் செயல்பாட்டு டெஸ்ட்) இரண்டும் எடுங்கள். பைல் ஆசிட் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடும். பிரசவத்தை முன்கூட்டியே வைப்பார்கள். நார்மல் என்று வந்தும் அரிப்பு நிற்காவிட்டால் திரும்ப எடுக்க வேண்டும். சிலருக்கு அரிப்பு முந்திக்கொள்ளும், ரத்தத்தில் அளவு பிறகுதான் ஏறும்.

கீழாநெல்லியை இன்றோடு விடுங்கள். அது இந்த வைரஸை ஒழிக்காது. எல்.எஃப்.டி. ஏறினால் காரணம் வைரஸா, பித்தமா, சாறா என்று உங்கள் டாக்டர்தான் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்.

ஆன்டிபாடி என்பது வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருள். வைரஸ் வந்து தானாகவே போயிருந்தாலும் அந்த டெஸ்ட் பாசிட்டிவ்தான் காட்டும். நாலில் ஒருவருக்கு அப்படிப் போய்விடுகிறது. இப்போது வைரஸ் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. டெஸ்ட்தான் சொல்லும். நெகட்டிவ் என்றால் குழந்தையைப் பற்றிய கவலையே வேண்டாம். பாசிட்டிவ் என்றாலும் நூற்றில் ஐந்தாறு குழந்தைகளுக்குத்தான் தொற்றுகிறது, தாய்க்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

செலவா? 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த டெஸ்டும் வைரஸை ஒழிக்கும் மாத்திரையும் அரசு சிகிச்சை மையங்களில் இலவசம். கர்ப்பத்தில் மாத்திரையைப் பொதுவாகத் தொடங்குவதில்லை. சிலருக்கு அதோடு சேர்த்துக் கொடுக்கும் ரிபாவிரின் என்ற மருந்து கூடவே கூடாது, கருவைக் கெடுக்கும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் 12 வாரம் சாப்பிட்டால் 95 சதவீதம் பேருக்குமேல் குணமாகிறது. அடுத்த கர்ப்பத்துக்குமுன் குணமாகிவிட்டால், அந்தக் குழந்தைக்கு உங்களிடமிருந்து தொற்றாது. குணமான பிறகும் ஆன்டிபாடி பாசிட்டிவாகவே இருக்கும். அதைத் திரும்பத் திரும்ப எடுப்பதுதான் வீண்செலவு.

இதற்காகச் சிசேரியன் தேவையில்லை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும், ஆறும்வரை அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுங்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம். பிரஷ்ஷும் பிளேடும் தனியாக இருக்கட்டும்.

பிறந்த குழந்தைக்கு ஆன்டிபாடி பார்த்துவிட்டு அழாதீர்கள். உங்களுடையதே அதன் ரத்தத்தில் 18 மாதம்வரை தங்கலாம். உங்கள் ஆர்.என்.ஏ. பாசிட்டிவ் என்றால், இரண்டு மாதம் முடிந்ததும் குழந்தைக்கும் ஆர்.என்.ஏ. பாருங்கள். தொற்றியிருந்தாலும் சில குழந்தைகளுக்குத் தானாகவே போய்விடும். போகாவிட்டால் மூன்று வயதிலிருந்து மருந்து கொடுக்கலாம்.