ஒரே நாளில் வாஹாவ் பள்ளத்தாக்கில் எதைப் பார்க்கலாம்?

வியன்னா வரை வருகிறேன், ஒயின் விளையும் வாஹாவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும், பழைய இடமும் பார்க்கணும், நடக்கவும் செய்யணும் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, நேராக அங்கிருக்கும் டூர்ன்ஷ்டைன் என்ற ஊருக்குப் போய்விடுங்கள்.

மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவே டான்யூப் வளைந்து ஓடுகிற ஏறத்தாழ 36 கி.மீ.தான் வாஹாவ். மெல்க் மடாலயம் பிரமாதம், ஆனால் அதற்கே அரை நாள் போய்விடும். டூர்ன்ஷ்டைன் ஊருக்கு மேலே இருப்பது 1645-இல் ஸ்வீடன் படை தகர்த்த கோட்டை; சிலுவைப் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192 கடைசியில் வியன்னா அருகே பிடித்துக் கொண்டுவந்து அடைத்து வைத்தது இங்கேதான். அரை மணி நேரம் செங்குத்தான ஏற்றம், செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் வைசன்கிர்ஹன் பக்கமாகத் திராட்சைத் தோட்டங்கள் வழியே நடங்கள். சாந்தே இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள், வெயில் சாய்ந்த பிறகும் கை வைத்தால் வெதுவெதுவென்றிருக்கும். அந்தச் சூட்டில் குளிர்காயும் மரகதப் பல்லியின் பெயரைத்தான் வாஹாவின் உயர்ரக ஒயினுக்கு 'ஸ்மரக்ட்' என்று வைத்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த பெயர். வழியில் எந்த வீட்டு வாசலிலாவது பச்சைக் கிளை தொங்கினால், அன்று அங்கே சொந்தத் தோட்டத்து ஒயின் கிடைக்கும், தயங்காமல் உள்ளே போங்கள்.