டேகேர் செலவு யார் கணக்குல?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்க எழுத்த ரொம்ப நாளா படிச்சிட்டு வர்றேன், எழுதுறது இதான் மொத தடவ. பெங்களூர்ல ஹொங்கசந்த்ரா பக்கம் இருக்கோம், சொந்த ஊர் கும்பகோணம். எனக்கு 36 வயசு. சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல ஏழு வருஷம் வேல பாத்தேன், பையன் பொறந்தப்ப விட்டேன், ஆறு வருஷம் ஆச்சு. நடுவுல வீட்டுக்காரர் எட்டு மாசம் ஆன்சைட் வேலைக்கு வேற போய்ட்டு வந்தார். இப்ப பொண்ணு நாலாவது போறா, பையன் வர்ற ஜூன்ல ஒண்ணாவது.

எலக்ட்ரானிக் சிட்டில ஒரு சின்ன கம்பெனில ஆஃபர் வந்திருக்கு, கைக்கு 38,000. விடுறப்ப நான் வாங்குனது 55,000. ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். ஸ்கூல் விட்டப்புறம் ரெண்டு பேருக்கும் டேகேர் 15,000, சமையலுக்கு ஆள் 7,000, போக வர, வெளிச்சாப்பாடு, துணிமணி 4,000. மிச்சம் 12,000. அவர் 1,60,000 வாங்குறார். "இந்த 12,000-க்காக பிள்ளைங்கள விட்டுட்டு ஓடணுமான்னு யோசிச்சுக்கோ, போறதுன்னா போ, நான் தடுக்கல, வீடு எப்பவும்போல நடந்தா சரி"ங்கிறார். மாமியார் "பணத்துக்கு என்ன கொற"ங்கிறாங்க. பையன் "ஸ்கூல் விட்டு வந்தா நீ இருப்பியாம்மா"னு கேக்குறான். ஆனா ஒண்ணு சொல்றேன்க்கா, ஆஃபர் மெயில் வந்த அன்னிக்கு பாத்ரூம்ல தண்ணிய தொறந்துவிட்டுட்டு அழுதேன், சந்தோஷத்துல. அத யார்கிட்டயும் சொல்லல. மே கடைசில ஜாயின் பண்ணணும். என்ன பண்ணட்டும்?

பேர் வேண்டாம்க்கா.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்க கடிதத்துல எனக்கு ரொம்ப நேரம் மனசுல நின்னது அந்த கணக்குதான். டேகேர், சமையல் ஆள் எல்லாத்தையும் உங்க 38,000ல இருந்து கழிச்சிருக்கீங்க. ஏன்? பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் பொதுதானே, சாப்பாடு நாலு பேருக்கும் பொதுதானே, அப்ப அந்த செலவு மட்டும் எப்படி ஒருத்தர் சம்பளத்துல இருந்து போகும்? அவர் வேலைக்கு போறதுக்காக இந்த வீட்ல யாராவது அவர் சம்பளத்துல இருந்து எதையாவது கழிச்சு பாத்தாங்களா? அவர் ராத்திரி ஆஃபீஸ் போன் கால்ல உக்காந்திருந்தா காலைல பிள்ளைங்கள எழுப்புனது யாரு, அந்த எட்டு மாச ஆன்சைட்டுக்கு அவர் நிம்மதியா ஃப்ளைட் ஏறுனது யார நம்பி? அந்த 1,60,000ல உங்க ஆறு வருஷமும் இருக்குங்க. அதுக்கு யாரும் பில் போடல, அவ்ளோதான்.

சரி, கணக்காவே பேசுவோம். ரெண்டு பேர் சம்பளமும் சேந்தா 1,98,000. செலவு 26,000. அவங்கவங்க வருமானத்துக்கு தக்கபடி பிரிச்சா உங்க பங்கு ஏறக்குறைய 5,000, அவர் பங்கு 21,000. உங்க கைல நிக்கிறது 33,000. வீட்டுக்கு மொத்தமா கூடுறது அதே 12,000தான், அத நான் மறைக்கல. ஆனா 12,000-க்காக ஓடுற பொம்பளனு உங்கள நீங்களே நினைக்கிறதுக்கும், வீட்டுச் செலவுல என் பங்க குடுத்துட்டு என் சம்பளத்த நான் வச்சிருக்கேன்னு நினைக்கிறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அதோட, நீங்க எழுதுன 38,000 கைக்கு வர்றது. அதுல சேராத ஒண்ணு பிஎஃப். 20 பேர் இருக்கிற கம்பெனின்னா கட்டியே ஆகணும், உங்க பங்கு பேசிக் சம்பளத்துல 12 சதவீதம், கம்பெனி பங்கு 12 சதவீதம், 15,000 ரூபாய்க்கு மட்டும்தான் கட்டுவோம்னு சொன்னாக்கூட ஆளுக்கு 1,800 ஆச்சு. கம்பெனி பங்குல ஒரு பகுதி பென்ஷனுக்கு போகும், மிச்சம் உங்க கணக்குல ஏறும். 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம் குடுத்தாங்க. பழைய யூஏஎன், அதாவது உங்க பிஎஃப் நம்பர், அப்படியேதான் இருக்கும், லாகின் பண்ணி ஆறு வருஷமா அதுல என்ன கிடக்குனு ஒருதடவ பாத்துருங்க, பாதிப்பேர் அத மறந்தே போயிடுறாங்க.

இன்னொன்னும் யோசிங்க. டேகேர் இன்னும் எத்தன வருஷம் வேணும்? பொண்ணுக்கு ரெண்டு மூணு வருஷம், பையனுக்கு நாலஞ்சு வருஷம். உங்களுக்கு 58 ஆக 22 வருஷம் இருக்கு. அந்த 22 வருஷத்த மொத நாலஞ்சு வருஷத்து செலவ மட்டும் வச்சு எடை போட்டா எப்பவும் "வேண்டாம்"னுதான் விடை வரும், ஏன்னா அப்பதான் செலவு உச்சத்துல, சம்பளம் அடில. நாலு வருஷம் கழிச்சு செலவு இறங்கும், ஆனா அப்ப திரும்பலாம்னா பத்து வருஷ கேப், இப்ப கிடைச்ச மாதிரி 38,000 கிடைக்குமாங்கிறதே கேள்வி.

2023ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்குன கிளாடியா கோல்டின் அமெரிக்காவுல 200 வருஷத்து தகவல வச்சு வேல பாத்தவங்க. அவங்க காட்டுனதுல ஒண்ணு, ஒரே படிப்பு ஒரே வேலைல ஆணும் பொண்ணும் ஆரம்பத்துல கிட்டத்தட்ட சமமாத்தான் வாங்குறாங்க, மொத குழந்தைக்கு அப்புறம்தான் பெரிய பள்ளம் விழுது. எந்நேரமும் கூப்பிட்டா வர்ற ஆளுக்கு வேல அள்ளிக் குடுக்குது, வீட்ட பாக்க நேரம் வேணுங்கிற ஆளுக்கு குறைச்சுக் குடுக்குது, அதனால புருஷன் ஒண்ணுக்கும் பொண்டாட்டி இன்னொண்ணுக்கும் போயிடுறாங்க. எலக்ட்ரானிக் சிட்டில எந்த டீம எடுத்தாலும் இத கண்ணால பாக்கலாம்.

இப்ப அடுத்த விஷயம், இதுலதான் எனக்கு கவல. "பிள்ளைங்க ஸ்கூல் போயிட்டாங்க, இனிமே ஃப்ரீதானே"னு எல்லாரும் சொல்வாங்க. ஸ்கூல் போன பிள்ளைக்கு அம்மா தேவைப்படுறது குறையுறதில்ல, நேரம் மாறுது, அவ்ளோதான். ஒண்ணாங்கிளாஸ் பையன் மூணு மணிக்கு வந்துருவான், ஆஃபீஸ் ஆறு ஆறரைக்கு விடும். ஏப்ரல் மே லீவு, தசரா லீவு, கிறிஸ்மஸ் லீவு, மழ பேஞ்சா லீவு, பந்த்னா லீவு, பேரன்ட் டீச்சர் மீட்டிங்னு சனிக்கிழம காலைல ஒரு மெசேஜ். சட்டத்தோட நினைப்பும் கைக்குழந்தை மேலதான். 2017ல பேறுகால விடுப்ப 12 வாரத்துல இருந்து 26 வாரம் ஆக்குனாங்க, 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற இடத்துல க்ரெஷ் (குழந்தைங்க காப்பகம்) வைக்கணும், அம்மா ஒருநாளைக்கு நாலு தடவ போய் பாத்துட்டு வரலாம்னும் சொன்னாங்க, நல்ல விஷயம்தான், ஆனா சாயந்திரம் மூணு மணிக்கு பையத் தூக்கிட்டு வர்ற ஆறு வயசுப் பையன நினைச்சு போட்ட சட்டம் இல்ல அது.

அதனாலதான் உங்க வீட்டுக்காரர் சொன்ன கடைசி வரி என்னைய உறுத்துது. "வீடு எப்பவும்போல நடந்தா சரி." எப்பவும்போல நடந்ததுக்கு காரணமே நீங்க நாள் பூரா அதுல நின்னதுதான், நீங்க ஒம்பது மணிநேரம் வெளில இருந்தா அது எப்பவும்போல நடக்காது, நடக்கவும் கூடாது. யார் எதுக்கு எவ்ளோ நேரம் செலவழிக்கிறாங்கன்னு 2024ல மத்திய அரசு எடுத்த டைம் யூஸ் சர்வேல, சம்பளமில்லாத வீட்டுவேல செய்றவங்கள்ல பொம்பளைங்க ஒருநாளைக்கு 289 நிமிஷம், ஆம்பளைங்க 88 நிமிஷம். நீங்க ஜாயின் பண்ணா அந்த 289 தானா இறங்காது, யாராவது ஏத்துக்கணும். அவர் கெட்டவர்னு நான் சொல்லல, நாம கேட்டிருக்கவே மாட்டோம், அவரும் யோசிச்சிருக்க மாட்டார்.

எங்க அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடில ஒரு மதுரைப் பொண்ணு, ஒரு ஆடிட்டர் ஆஃபீஸ்ல வேலைக்கு திரும்புனா. அவ வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்கும், கட்டம் கட்டமா, புருஷனுக்கு நீலம் அவளுக்கு சிவப்பு. சமையல், துணி, ஹோம்வொர்க்லாம் சரி, எல்லார் வீட்லயும் பேசுறதுதான். கடைசில ஒரு வரி இருந்தது, "ஸ்கூல்ல இருந்து போன் வந்தா". திங்கள் புதன் வெள்ளி நீலம். ஸ்கூல் ஆஃபீஸ்ல போய் மொத நம்பரா அவன் நம்பர மாத்திக் குடுத்துட்டு வந்தா. ஒரு புதன்கிழம 11 மணிக்கு பிள்ளைக்கு காய்ச்சல்னு போன், அவன் போய் கேட்ல நின்னுகிட்டு இவளுக்கு கூப்பிட்டு "எந்த செக்‌ஷன்டி"னு கேட்டிருக்கான். "டைரில இருக்கு, பாருங்க"ன்னு சொல்லிட்டு வேலைய பாத்திருக்கா. அந்த வருஷத்துக்குள்ள பிள்ளைக்கு எந்த மாத்திர ஒத்துக்காதுன்னு அவனுக்கு அவள விட நல்லா தெரிஞ்சது. இத நான் பக்கத்துல இருந்து பாத்தேன், அதனாலதான் இவ்ளோ விரிவா சொல்றேன், நீங்களும் ஆஃபருக்கு பதில் போடுறதுக்கு முன்னாடி அந்த தாள எழுதுங்க, அவர பக்கத்துல உக்கார வச்சு.

பையன் கேட்ட கேள்விக்கு வர்றேன். "இருக்க மாட்டேன், ஆனா சீக்கிரம் வந்துருவேன்"னு மட்டும் சொல்லாதீங்க, ஆறு வயசுக்கு சீக்கிரம்னா அஞ்சு நிமிஷம். மூணு மணிக்கு யார் வருவாங்க, டேகேர்ல எந்த ஆன்ட்டி சாப்பாடு குடுப்பாங்க, அப்பா எந்த நாள் கூட்டிட்டு வருவார், அம்மா வர்றப்ப கடிகாரத்துல சின்ன முள்ளு எங்க இருக்கும்னு சொல்லுங்க. நேரம் தெரிஞ்சுட்டா பிள்ளைங்க தாங்கிக்குவாங்க. அழுவான், கொஞ்ச நாளைக்கு, உங்களுக்கும் வயித்த பிசையும். அதுக்காக நீங்க மோசமான அம்மா ஆயிட மாட்டீங்க.

அந்த 7,000 ரூபா ஆளப் பத்தி ஒரு வார்த்த. எங்க வீட்டுக்கு சமைக்க வர்ற அக்கா கிருஷ்ணகிரி பக்கம், நம்ம தமிழ்தான், மூணு வீடு பாக்குறாங்க, அவங்க பிள்ளைக்கும் அதே மூணு மணிக்குத்தான் ஸ்கூல் விடும். வேலைக்கு போகலாமா வேண்டாமான்னு யோசிக்கிற இடத்துல அவங்கள யாரும் வச்சதே இல்ல. வாரம் ஒருநாள் லீவு, சொன்ன தேதில சம்பளம், அவங்க பிள்ளைக்கு முடியலன்னா அன்னிக்கு உங்க வீட்ல தோச மாவு, இத மொத நாளே பேசிக்கோங்க.

போகாம இருக்கிறதும் ஒரு முடிவுதான், அத நான் கொறச்சு பேச மாட்டேன். 2023ல சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்குல, புருஷன் வெளிநாட்ல சம்பாதிச்சு வாங்குன சொத்துலயும் வீட்ட பாத்துக்கிட்ட மனைவியோட உழைப்பு இருக்கு, அவங்களுக்கு சமபங்கு உண்டுனு தீர்ப்பு சொல்லுச்சு. நியாயம், ஆனா கோர்ட் வாசல்ல நின்னு வாங்க வேண்டிய நியாயம். வீட்ல இருக்கிறதா முடிவு பண்ணா வீட்டுப் பத்திரத்துல உங்க பேரு, உங்க பேர்ல ஒரு பிபிஎஃப் சேமிப்புக் கணக்கு (வருஷத்துக்கு 500ல இருந்து 1,50,000 வரைக்கும் போடலாம்), மாசாமாசம் உங்க கணக்குக்கு ஒரு தொகை, இதெல்லாம் கேட்டு வாங்குங்க, கூச்சப்படாதீங்க.

ஆனா உங்க விஷயத்துல என் அபிப்ராயம், போங்க. பாத்ரூம்ல தண்ணிய தொறந்துவிட்டு சந்தோஷத்துல அழுதேன்னு எழுதுனீங்களே, அந்த ஒரு வரி போதும் எனக்கு. முதல்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட அத சொல்லுங்க. 12,000 கணக்கு மட்டும்தான் அவருக்கு தெரியும், இது தெரியாது.

சம்பளம் கொறச்சலுங்கிறது உண்மைதான். ஆறு மாசத்துல சம்பள ரிவ்யூ உண்டான்னு இப்பவே மெயில்ல கேட்டு வாங்கிருங்க. இந்த ஆறு வருஷத்துல டெஸ்டிங் நிறைய ஆட்டோமேஷன் பக்கம் போயிடுச்சு, சாயந்திரம் ஒரு மணிநேரம் அதுக்கு ஒதுக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தயும் ஃப்ரிட்ஜ் தாள்ல எழுதுங்க. இது சரிவரலன்னாலும் கதவு மூடிடல, 2008ல டாட்டா குரூப் ஆரம்பிச்ச எஸ்சிஐபி மாதிரி, கேப் எடுத்த பொண்ணுங்களுக்குன்னே திட்டங்கள் இருக்கு, நம்ம பெங்களூர்லயே 2015ல ஜாப்ஸ்ஃபார்ஹர்னு ஆரம்பிச்சு இப்ப ஹெர்கீன்னு நடக்குற தளமும் இருக்கு. ரெஸ்யூம்ல அந்த ஆறு வருஷத்துக்கு மன்னிப்பு கேக்குற மாதிரி எதுவும் எழுதாதீங்க, குழந்தை வளர்ப்புக்காக விட்டேன்னு ஒரே வரி.

போக்குவரத்து உங்களுக்கு சாதகம். 2025 ஆகஸ்ட்ல மெட்ரோ மஞ்ச லைன் வந்ததுல இருந்து ஹொங்கசந்த்ராவுல ஏறுனா எலக்ட்ரானிக் சிட்டில இறங்கலாம், ஓசூர் ரோட்டு டிராஃபிக்ல சாக வேண்டாம். ஆதார்ல கர்நாடகா விலாசம் இருந்தா பிஎம்டிசி சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசே இல்ல, 2023 ஜூன்ல இருந்து. அதனால அந்த 4,000ல கொஞ்சம் கொறையும்.

ஜாயினிங் தேதிய மட்டும் மாத்தி கேளுங்க. மே கடைசி வேண்டாம், ஸ்கூல் தொறந்து ரெண்டு வாரம் கழிச்சு, ஜூன் நடுவுலன்னு கேளுங்க, ஒண்ணாங்கிளாஸ் மொத வாரம் பல இடத்துல அரை நாள்தான். கிடைக்கலன்னா அந்த ரெண்டு வாரம் அவர் லீவு போடட்டும். டேகேர்ல மே மாசமே ரெண்டு பேரையும் தினம் ஒரு மணிநேரம் விட்டுப் பழக்குங்க, பக்கத்துத் தெருவுல காப்பி குடிச்சிட்டு உக்காந்திருங்க, போன் வந்தா அவர் எடுக்கட்டும்.

அன்புடன்,
அக்கா