கடலுக்குள் காது வைக்கும் உலங்குவானூர்திகள்: கேள்வி பதில்

நீர்மூழ்கிகளையும் போர்க்கப்பல்களையும் எதிர்கொள்ளும் கடற்படை உலங்குவானூர்திகள் குறித்து யாழ்ப்பாணத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பொதுவாக எல்லோருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (உயர்தர மாணவர், பருத்தித்துறை): ஐயா, போர்க்கப்பலிலேயே சோனார் (ஒலியைக் கொண்டு நீருக்குள் தேடும் கருவி) இருக்கும்போது, நீர்மூழ்கியைத் தேட உலங்குவானூர்தி எதற்கு?

பதில்: தம்பி, கப்பல் வேகமெடுத்தால் அதன் சொந்த இரைச்சலே அதன் காதை அடைத்துவிடும், வேகத்தைக் குறைத்தாலோ நீர்மூழ்கி நழுவிவிடும். நீர்மூழ்கி ஏவும் கனரக டொர்பிடோ (நீருக்குள்ளேயே ஓடிச்சென்று வெடிக்கும் ஆயுதம்) பல பத்துக் கிலோமீற்றர் ஓடக்கூடியது என்பதால், கப்பல் தானே கிட்டப்போய்த் தேடுவது வலியச் சென்று இரையாவதற்குச் சமம். மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் பறக்கும் உலங்குவானூர்திக்கு அந்த டொர்பிடோவைப் பற்றிய கவலை இல்லை. 1950களில் ஒரு வானூர்தி தேட, இன்னொன்று ஆயுதம் சுமந்துவர வேண்டியிருந்தது. 1961இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த சீ கிங் உலங்குவானூர்திதான் இரண்டு வேலைகளையும் ஒரே வானூர்திக்குள் கொண்டுவந்தது.

கேள்வி (கடற்றொழிலாளர், குருநகர்): எங்கள் படகுகளில் மீன் தேடும் கருவி இருக்கிறது. உலங்குவானூர்தி கயிற்றில் இறக்கும் கருவியும் அதே வகைதானா?

பதில்: அடிப்படை ஒன்றுதான் அண்ணா, ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது. ஆனால் உங்கள் கருவி பெரும்பாலும் 50 அல்லது 200 கிலோஹேர்ட்ஸ் ஒலியை நேரே கீழ்நோக்கி அனுப்புகிறது. உலங்குவானூர்தி இறக்கும் சோனார் சில கிலோஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியைச் சுற்றிலும் பக்கவாட்டில் அனுப்புகிறது. தாழ்ந்த ஒலியே நீரில் நெடுந்தூரம் செல்லும். நீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் ஓடும். ஆகவே 6 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் நீர்மூழ்கியின் எதிரொலி திரும்பிவர 8 செக்கன் ஆகும். அதுவரை வானூர்தி அலைகளுக்கு மேலே இருபது மீற்றர் அளவில், காரிருளிலும் காற்றிலும், கயிறு சரியாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இதை மனிதக் கை மட்டும் செய்வதில்லை. கயிற்றின் சாய்வை அளந்து தானியங்கிக் கருவியே வானூர்தியை நகர்த்தி நிறுத்துகிறது.

கயிற்றின் உண்மையான பயன் ஆழம். வெயில் பட்ட மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்க, அதற்குக் கீழே வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஓர் எல்லை உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலிருந்து செல்லும் ஒலி அந்த எல்லையில் வளைந்துவிடுவதால், அதற்குக் கீழே கப்பலின் சோனாருக்கு எட்டாத நிழற்பகுதி ஒன்று உண்டாகிறது. நீர்மூழ்கித் தளபதி அதைத்தான் தேடிப்போய் ஒளிந்துகொள்கிறார். வங்காள விரிகுடாவில் பெரிய ஆறுகளின் நன்னீர் வேறு மேலே பரவி நிற்பதால், இந்த அடுக்குகள் இன்னும் பிடிவாதமானவை. வானூர்தி தன் சோனாரை அந்த எல்லையைத் தாண்டி இறக்கி, ஒளிந்திருப்பவனின் அறைக்குள்ளேயே காதை வைத்துவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்த வானூர்திகளின் பெறுமதியில் பெரும்பங்கு அவை சுமக்கும் டொர்பிடோவில் இல்லை, இந்தக் கயிற்றில்தான் இருக்கிறது.

கேள்வி (ஆசிரியை, சாவகச்சேரி): பாக்கு நீரிணையில் நீர்மூழ்கி வரக்கூடுமா?

பதில்: வழக்கமான அளவுள்ள ஒன்று மறைந்து வர முடியாது. நீரிணையின் பெரும்பகுதியின் ஆழமும், ஒரு டீசல் நீர்மூழ்கியின் அடியிலிருந்து கோபுர உச்சி வரையிலான உயரமும் ஏறக்குறைய ஒன்றே. திருகோணமலைக்கு வெளியே கதை வேறு. அங்கே கடலடிப் பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே ஆழத்துக்கு இறங்குகிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற மாலுமி, வல்வெட்டித்துறை): உலங்குவானூர்தி சுமக்கும் சிறிய ஏவுகணையால் ஒரு போர்க்கப்பலை என்ன செய்துவிட முடியும்?

பதில்: பெரிய நாசகாரிக் கப்பலை மூழ்கடிப்பது கடினந்தான். ஆனால் ஏவுகணை தாங்கிய விரைவுப் படகுகளுக்கு அதுவே போதும். 1991 வளைகுடாப் போரில் பிரித்தானியாவின் லிங்ஸ் வானூர்திகள், ஏறக்குறைய 145 கிலோ எடையுள்ள சீ ஸ்குவா ஏவுகணைகளால் ஈராக்கியக் கடற்படையின் பல கலங்களை அழித்தன. பார்வைத் தூரத்தையும் கணக்கிலெடுங்கள், ஐயா. 20 மீற்றர் உயரத்தில் உள்ள கப்பல் ராடார் கடல்மட்டத்தில் ஏறக்குறைய 18 கிலோமீற்றர் வரையே பார்க்கும். அதே ராடாரை 300 மீற்றர் உயரத்துக்கு ஏற்றினால் அந்த எல்லை 70 கிலோமீற்றரைத் தாண்டும். ஆகவே தானே சுடாவிட்டாலும், தன் கப்பலின் நெடுந்தூர ஏவுகணைக்கு இலக்கைக் காட்டிக்கொடுக்க உலங்குவானூர்தியால் முடியும்.

நீர்மூழ்கி நீர்மட்டத்தில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, பிரித்தானியாவும் ஆர்ஜென்டீனாவும் மோதிய ஃபோக்லாந்துப் போரில் 1982 ஏப்ரல் 25 ஒரு சான்று. தென் அத்திலாந்திக் தீவான தென் ஜோர்ஜியாவில் ஆர்ஜென்டீனாவின் சாந்தா ஃபே நீர்மூழ்கியைப் பிரித்தானியரின் வெசெக்ஸ் உலங்குவானூர்தி ஒன்று ராடாரில் கண்டு, ஆழ்நீர்க் குண்டுகளை இட்டது; பின்னர் லிங்ஸ், வாஸ்ப் வகை உலங்குவானூர்திகளும் வந்து சேர்ந்துகொள்ள, அது தள்ளாடித் துறைக்குத் திரும்பிக் கைவிடப்பட்டது. அதே போரில் ஆழத்தில் ஒளிந்திருந்த சான் லூயிஸ் நீர்மூழ்கியைத் தேடிப் பிரித்தானியர் பல டொர்பிடோக்களையும் குண்டுகளையும் செலவழித்தும், அது சேதமின்றி வீடு திரும்பியது. வெற்றிக் கதையை மட்டும் சொல்பவர்கள் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (தொழில்நுட்பக் கல்லூரி மாணவி, காரைநகர்): ஆடும் கப்பலில் எப்படி இறங்குகிறார்கள்? உப்புக்காற்று இயந்திரத்தை அரிக்காதா?

பதில்: தங்கச்சி, இறங்கும் முறையைக் கனடியர்கள் 1960களில் நன்றாகத் தீர்த்துவைத்தார்கள். வானூர்தி மெல்லிய வடமொன்றைத் தொங்கவிட, தளத்திலுள்ளோர் அதைக் கப்பலின் தடித்த வடத்தோடு இணைப்பார்கள்; அந்த வடம் வானூர்தியைத் தளத்தை நோக்கி இழுக்க, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைத் தளத்திலுள்ள இரும்புத் தாடை கவ்விப் பிடித்துக்கொள்ளும். பிறகு சுழலித் தகடுகளை மடித்துக் கொட்டகைக்குள் தள்ளுவார்கள். ரஷ்யக் காமோவ் வகைகளில் இரண்டு சுழலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழல்வதால், நீண்ட வாலே தேவைப்படுவதில்லை.

உப்பு அரிக்கும், சந்தேகமில்லை. கடல்மேல் பறந்து திரும்பியதும் இயந்திரத்தின் உட்பகுதியை நன்னீரால் கழுவுவது நாளாந்த வேலை. நோர்வே 2001இல் 14 என்எச்-90 வானூர்திகளுக்குக் கட்டளையிட்டு, தாமதத்தையும் பராமரிப்புச் சிக்கலையும் பொறுக்கமாட்டாமல் 2022இல் ஒப்பந்தத்தையே முறித்தது. வாங்கும் விலையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இதை எடுத்துக்காட்டலாம்.

கேள்வி (நெல்லியடி வாசகர்): போர்க்காலத்தில் எங்கள் தலைக்கு மேலே பறந்தவையும் இவ்வகையா? அயலில் இவை யாரிடம் உள்ளன?

பதில்: இல்லை. நாம் பதுங்குகுழியிலிருந்து அண்ணாந்து பார்த்த எம்ஐ-24, பெல்-212 ஆகியவை விமானப்படையினுடையவை. அவற்றில் இறக்கும் சோனார் கிடையாது. அயலில் இந்தியா, பழைய சீ கிங், காமோவ்-28 ஆகியவற்றுக்குத் துணையாக 24 அமெரிக்க எம்எச்-60ஆர் உலங்குவானூர்திகளை வாங்க 2020இல் ஒப்பந்தம் செய்து, 2024 மார்ச்சில் கொச்சியில் முதல் அணியை அமைத்தது.

கேள்வி (அதே வாசகர்): ஆளில்லா வானூர்திகள் வந்தபின் இவற்றுக்கு வேலை இருக்குமா?

பதில்: ராடார் பார்வையையும் நீரில் மிதந்து ஒலி கேட்கும் மிதவைக் கருவிகளைத் தூவும் வேலையையும் அவை எடுத்துக்கொள்ளும். ஆனால் பத்துத் தொன் எடைகொண்ட எம்எச்-60ஆர் கூட டொர்பிடோ, சோனார், எரிபொருள் மூன்றையும் சுமக்கத் திணறி, டொர்பிடோ ஒன்று கூடினால் பறக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்கிறது. அந்தச் சுமையைத் தூக்கக்கூடிய ஆளில்லா வானூர்தியும் ஏறக்குறைய அதே பருமனில்தான் இருக்கும். அதற்கும் அதே தளமும் கொட்டகையும் வேண்டும்.