ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஸ்டாப்பி பழகக் கைபலம் எவ்வளவு வேண்டும்?

ஸ்டாப்பி என்றால் முன்பிரேக்கைப் பிடித்துப் பின்சக்கரத்தைக் காற்றில் தூக்குவது. கேள்வி கேட்டவர் தன் நிலையைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். முன்பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் பின்சக்கரம் எழும்பவில்லை, சில நேரம் முன்சக்கரம் வழுக்குகிறது, ஆகவே உடற்பயிற்சி செய்து கையை உரமேற்ற வேண்டுமா என்கிறார். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் "ஆமாம், தோளிலும் முன்கையிலும் நல்ல பலம் வேண்டும்" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் ஒல்லியான பெண். இறுக மூடிய பாட்டிலைத் திறக்க இன்னொருவரைக் கூப்பிடுகிறவள். 600 சிசி வண்டியில் இரண்டு விரலால் ஸ்டாப்பி செய்கிறேன்.

அறிவுரை சொல்லக் காத்திருப்பவர்களுக்காக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுச் சாலையில் இதைச் செய்யுங்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. மூடிய தளம், காய்ந்த சுத்தமான தார், முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட், தோல் உடை, கூடவே விவரம் தெரிந்த ஒருவர்: இவ்வளவும் இருந்தால்தான் நான் வண்டியை எடுப்பேன். இதைக் கற்றுத் தருவதே தவறு என்று எழுதப் போகிறவர்களிடம் ஒரு கேள்வி. நாளை குறுக்கே எதுவோ வந்து, நீங்கள் பதறிப் பிரேக் பிடித்து, பின்சக்கரம் தானாக எழும்பினால் உங்கள் கை என்ன செய்யும்? தெரியாது என்றால் தயவுசெய்து மேலே படியுங்கள்.

பலம் ஏன் தேவையில்லை என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஓட்டுபவரும் உட்கார்ந்திருக்கும்போது, இரண்டுக்கும் சேர்ந்த எடைமையம் தரையிலிருந்து ஏறத்தாழ 65, 70 செ.மீ. உயரத்தில் இருக்கும். முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து கிடைமட்டத்தில் அளந்தால் அதுவும் ஏறத்தாழ 70 செ.மீ. தூரம். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதால், வேகம் குறையும் வீதம் ஈர்ப்பு முடுக்கத்தை, அதாவது ஒரு ஜி அளவை நெருங்கும்போது பின்சக்கரம் தரையை விடும். நீளமான, தாழ்வான க்ரூஸர் வண்டிகளில் இந்த விகிதம் சாதகமாக இல்லாததால், பின்பக்கம் எழும்புவதற்கு முன்பே முன்டயர் பிடியை இழந்துவிடும். நல்ல காய்ந்த தாரில், சூடேறிய டயருக்கு ஒரு ஜி எட்டக்கூடியதுதான். இன்றைய டிஸ்க் பிரேக்கில் அதற்குத் தேவையான அழுத்தத்தை இரண்டு விரல்களே தந்துவிடும்.

அப்படியானால் உங்கள் முன்சக்கரம் ஏன் வழுக்குகிறது? பிரேக் லீவரைச் சட்டென்று பிடுங்குகிறீர்கள் என்றே நினைக்கிறேன். கதவை உதைத்துத் திறப்பதுபோலப் பிரேக் பிடிப்பவர்கள் நிறையப் பேர். பிரேக் பிடித்த முதல் கணத்தில் முன்டயர் மேல் வண்டியின் பாதி எடைதான் இருக்கிறது. எடை முன்னால் வந்து சேர்வதற்குள் முழு அழுத்தம் கொடுத்தால் டயருக்குத் தாங்கும் பிடி இருக்காது, சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். முதலில் மெதுவாக இறுக்கி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கி, டயர் தரையில் அழுந்திய பிறகு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் கண் இமைப்பதற்குள் நடக்கும், ஆனால் வரிசை மாறக்கூடாது. டயர் குளிர்ந்திருந்தாலும் தளத்தில் மணல் இருந்தாலும் இதெல்லாம் செல்லாது.

எனக்குக் கற்றுத் தந்தவர் முன்பு பந்தயங்களில் ஓட்டியவர், பேச்சு குறைவு. முதல் சில வாரங்கள் சக்கரத்தைத் தூக்கவே விடவில்லை. ஃபோர்க்கின் பளபளக்கும் உள்குழாயில் கேபிள் டை எனும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் சுற்றிக் கட்டிவிட்டார். பிரேக் பிடிக்கும்போது குழாய் உள்ளே போக, அந்தப் பட்டை கீழே தள்ளப்பட்டு அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் குனிந்து அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். மேலே தள்ளி வைத்துவிட்டு "மறுபடி" என்பார். பட்டை அடிமட்டத்துக்கு வர வேண்டும், ஆனால் முன்பக்கம் திடுக்கென்று முட்டக்கூடாது. எனக்கோ பொறுமை போய்விட்டது. ஒரு நாள் நின்றதும் திரும்பி, "அண்ணா, எழும்பியதா?" என்று கேட்டேன்.

"எழும்பியிருந்தால் என்னிடம் கேட்டிருக்க மாட்டாய்" என்றார்.

உண்மைதான். அது நடந்த அன்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வந்து, கிளட்சைப் பிடித்து, வழக்கம்போல இறுக்கிக்கொண்டே போனேன். இருக்கைக்கு அடியில் எடை திடீரென்று காணாமல் போனது. கண்ணாடித் தடுப்பின் விளிம்பு எதிர்ச்சுவரின் மீதிருந்து கீழே இறங்கித் தார் மேல் வந்தது. பின்னால் எந்த ஓசையும் இல்லை. பிறகு பின்டயர் தரையைத் தொடும் ஒரு சின்னக் கீச்சொலி. அந்த வேகத்திலிருந்து ஒரு ஜி அளவில் பிடித்தால் வண்டி ஆறு மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும், ஒரு விநாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். நான் அனுபவித்தது அவ்வளவே. ஒரு சாண் கூட எழும்பியிருக்காது என்று பிறகு அவர் சொன்னார். எனக்கு அது மாடி உயரம்.

இனிச் சொல்லப்போவதை யாரும் எழுதவில்லை, எனக்கு அதுதான் ஆத்திரம். சக்கரத்தைத் தூக்குவது எப்படி என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். தூக்கிய பிறகு? பின்பக்கம் எழும்ப எழும்ப எடைமையம் உயர்ந்துகொண்டே முன்சக்கரத்தின் நேர்மேலாக நகர்கிறது. அதாவது சக்கரத்தைத் தூக்கத் தேவைப்பட்ட பிரேக், அதை மேலே வைத்திருக்கத் தேவையில்லை. ஆரம்பத்தில் கொடுத்த அழுத்தத்தையே மாற்றாமல் பிடித்திருந்தால் வண்டி வேகமெடுத்துச் சுழன்று உங்களைத் தலைக்கு மேலாகக் கவிழ்க்கும். எழும்பத் தொடங்கியதுமே விரல் தளர வேண்டும். மனிதக் கை பயந்தால் மூடும், இங்கே திறக்க வேண்டும். பயிற்சி முழுவதும் இதற்காகத்தான். வீலி செய்கிறவர் முன்சக்கரத்தை இறக்கப் பின்பிரேக்கைத் தொட்டால் போதும். ஸ்டாப்பியில் பின்சக்கரம் காற்றில் இருப்பதால் அந்த மிதி எதற்கும் உதவாது. முன்பிரேக்கைத் தளர்த்துவது ஒன்றே வழி. ஆனால் ஒரேயடியாக விட்டால் பின்பக்கம் தடாலென்று விழும். கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடியுங்கள். உடல் எடை கைகளில் சாய்ந்தால் ஹேண்டில்பார் திரும்பும், அது திரும்பினால் பின்பக்கம் பக்கவாட்டில் சுற்றிவிடும். பார்வை தூரத்தில் இருக்கட்டும். முன்சக்கரத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் கோணலாகவே நிற்கிறார்கள்.

ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏற்பாடு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. புதிய வண்டி என்று வைத்துக்கொள்கிறேன். இன்றைய ஸ்போர்ட்ஸ் பைக்குகள் பலவற்றில் பின்சக்கரம் எழும்புவதை உணர்ந்து முன்பிரேக்கின் அழுத்தத்தைத் தானே குறைக்கும் ஏற்பாடு உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் எழும்பாது. குறை உங்கள் கையில் இருக்காது. சில வண்டிகளில் பந்தயத் தளத்துக்கென்று தனி நிலை இருக்கும், அதில் இந்தத் தலையீடு குறையும் அல்லது நீங்கும். கையேட்டைப் பாருங்கள். ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிவிடு என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அதை மறுபடி மாட்ட மறந்து மழையில் வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் கையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் சொல்கிறேன். என் கைக்குச் சரியான பாதுகாப்புக் கையுறை வாங்க நான் பட்ட பாடு ஸ்டாப்பி கற்றதைவிடப் பெரியது. ஆண்களுக்கானவற்றில் மிகச் சிறிய அளவை எடுத்தாலும் விரல் நுனியில் அரை அங்குலம் மிஞ்சி, லீவரில் மடங்கிக்கொள்ளும். பெண்களுக்கென்று விற்பவற்றில் பூ வேலைப்பாடு இருக்கும், விரல் முட்டிக்கு உறுதியான கவசம் இருக்காது. விழுந்தால் தார் ஆண், பெண் பார்த்துத் தேய்க்குமா? ஒரு கடையில் விற்பனையாளர் "யாருக்கு, உங்கள் கணவருக்கா?" என்று கேட்டார். பின்னால் உட்கார்ந்து போவதற்கு அவ்வளவு தடிமன் வேண்டாம் என்றும் சொன்னார். நான் பதில் பேசாமல் வந்துவிட்டேன், இப்போது இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன். லீவருக்கும் இதே கதை. ஆனால் அதற்காவது தீர்வு உண்டு. பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் லீவர் தூரத்தைத் திருகி மாற்றும் சக்கரம் இருக்கிறது. விரலின் முதல் கணு லீவரில் வசதியாகப் படியும்படி வையுங்கள். இதைக்கூடச் செய்யாமல் கைபலம் இல்லை என்று நொந்துகொள்ளும் ஆண்களும் இருக்கிறார்கள்.

வண்டிக்கு இதனால் கேடு வராது என்று சொல்லமாட்டேன். திரும்பத் திரும்பச் செய்தால் ஃபோர்க் சீல் கசியும், ஹேண்டில்பார் தண்டின் பேரிங் தளரும், முன்டயர் சீரில்லாமல் தேயும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டொக்கென்று ஓர் ஆட்டம் தெரிந்தால் பேரிங்கைச் சரிசெய்யும் வரை பயிற்சி வேண்டாம். பிரேக் எண்ணெய் பழையதானால் ஈரம் உறிஞ்சிச் சூட்டில் கொதிக்கும், லீவர் பஞ்சுபோல் ஆகும். உங்களுக்கு எழும்பாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

வண்டி எது, ஏபிஎஸ் எந்த நிலையில் இருக்கிறது, டயரை எவ்வளவு நேரம் ஓட்டிச் சூடேற்றுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆதாரத்துக்கு வீடியோ கேட்பவர்களுக்கு இப்போதே சொல்கிறேன், அனுப்பமாட்டேன்.